கேட்பதற்கு ஓர் ஆள்: நூலகர் பதில்கள்

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, “நூலகர்களுக்கும் ஒரு சங்கம் இருக்கிறது, அதில் சேருங்கள்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் அதிகமான கடிதங்கள். பொத்துவிலிலிருந்து வாழைச்சேனை வரை எழுதியிருக்கிறார்கள். கரையோர நூலகங்களில் 31 வருடம் வேலை பார்த்து, இப்போது பெரியகல்லாற்றில் வீட்டோடு இருக்கிற எனக்கு இதைவிடச் சந்தோசமான தபால் வந்ததில்லை. ஆகவே இந்த முறை முழுவதும் நூலகர்களின் கேள்விகளும் நூலகத்தைப் பற்றிய கேள்விகளும்தான்.

*

அக்கா, பிரதேச சபை நூலகம் ஒன்றில் நாலு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். நூலகத்தில் நானும் ஒரு காவலாளியும்தான். இலங்கை நூலகச் சங்கத்தில் சேரச் சொல்லி ஒரு மேலதிகாரி சொன்னார். கொழும்பில் இருக்கிற சங்கத்தால் இங்கே இருக்கிற எனக்கு என்ன பிரயோசனம்? சந்தாக் காசு வீண் என்கிறார் கணவர்.
— வாசகி, வெல்லாவெளி

தங்கச்சி, உங்கள் கணவர் கேட்டதில் பிழையில்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் எந்தச் செலவையும் கேட்டுத்தான் செய்யவேண்டும். நான் சேர்ந்தபோது என் மாமியாரும் கேட்டார்: “ஆருக்குப் புள்ள காசனுப்புற? உன்னத் தெரியுமா அவங்களுக்கு?” அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பதில் கிடைக்க ஆறு வருடம் சென்றது.

சங்கம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1960இல் தொடங்கியது. 1974ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் பாராளுமன்றம் அதைக் கூட்டிணைத்தது. நூலகவியல் டிப்ளோமாவைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் நடத்துகிறது. நான் தமிழில்தான் படித்தேன். பரீட்சைக்கு ராத்திரி பஸ்ஸில் ஏறி, வெலிக்கந்தை தாண்டும்வரை சோதனைச் சாவடிதோறும் பையோடு இறங்கி ஏறி, விடியக் கொழும்பில் முகம் கழுவிவிட்டு மண்டபத்துக்குள் போன காலம் அது. பகுப்பாக்கத் தாளில் நான் எழுதிய இலக்கங்களைவிட அந்தப் பயணங்கள்தான் இப்போது அதிகம் ஞாபகம் வருகின்றன.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா நாளும்கூட. அதனால் எங்கள் நூலகம் பூட்டியிருந்தது, உள்ளே ஒரு பிள்ளைகூட இருக்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் கடவுளைக் கும்பிடுகிறேன். அம்பாறைக் கரையோரத்தில், கடலின் சத்தம் வாசிப்பு மேசைவரை கேட்கிற இடத்தில் அது இருந்தது. மூன்றாம் நாள்தான் என்னால் போக முடிந்தது. கதவு திறபடவில்லை. உள்ளே இறாக்கை சரிந்து கதவில் சாய்ந்து கிடந்தது. யன்னலால் ஏறிப் போனோம். முழங்கால் அளவு சேறு, அதற்குள் புத்தகங்கள்.

அப்போது நான் செய்த காரியத்தை யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மழை விட்டு வெயில் எறிந்தது. கையில் அகப்பட்ட புத்தகங்களையெல்லாம் அள்ளி வந்து றோட்டோரம் தறப்பாளில் விரித்து வெயிலில் போட்டேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். பின்னேரமானதும் மட்டைகள் அப்பளம்போல வளைந்துவிட்டன. சிறுவர் பகுதியின் வழுவழுப்பான படப் புத்தகங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு செங்கல்லாக இறுகிவிட்டன. பக்கம் பிரிக்கப் போனால் படம் கிழிந்து வந்தது. பிள்ளைகள் அடிபட்டு எடுத்து வாசித்த புத்தகங்கள் அவை. றோட்டோரம் குந்தியிருந்து அழுதேன்.

அடுத்த நாள் கண்டியிலிருந்து நிவாரண லொறி ஒன்று வந்தது. அதிலிருந்து இறங்கியவரை உடனே அடையாளம் தெரியவில்லை. சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஒரு தடவை எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர். பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் வேலை. அரைகுறைத் தமிழில் என்னோடு அரைமணித்தியாலம் கதைத்திருப்பார், அவ்வளவுதான் பழக்கம். எந்த ஊர் என்று அன்றைக்கு நான் சொன்னதை ஞாபகம் வைத்து விசாரித்து வந்திருக்கிறார். தறப்பாளைப் பார்த்ததும் ஓடிப் போய் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். “அக்கே, வெயில் எப்பா!” என்றார், சிங்களத்தில் ‘எப்பா’ என்றால் வேண்டாம்.

மறுகாதான் பாடம் தொடங்கியது. சேறு பிடித்த புத்தகத்தைத் திறக்காமல், மூடியபடியே இறுக்கிப் பிடித்து நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உலர்த்துவது நிழலிலும் காற்றிலும்தான். பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு பழைய செய்தித்தாளைச் செருகி, அது ஊறியதும் எடுத்துவிட்டுப் புதிதாகச் செருக வேண்டும். மட்டை கெட்டியான புத்தகத்தை விசிறிபோலச் சற்றே விரித்து நிமிர்த்தி வைக்கலாம். வழுவழுப்புத் தாளைக் காயவிட்டால் ஒட்டிக்கொள்ளும், ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு தாளாகப் பிரித்துவிட வேண்டும். நனைந்து இரண்டு நாள் போனால் பூஞ்சணம் தொடங்கிவிடும். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது, எதை முதலில் எடுப்பது என்று முடிவுசெய்ய வேண்டும்.

“முதல்ல பதிவேடு” என்றார்.

சேர்வுப் பதிவேட்டைத்தான் சொன்னார். வருகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் இலக்கம் போட்டு எழுதுகிற அந்தப் பெரிய கொப்பி. மேசை லாச்சிக்குள் ஊறிப் பருத்துக் கிடந்தது. பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் கயிறு கட்டி, தைத்த நூலை அறுத்து, தாள் தாளாகத் தொங்கவிட்டோம். எனக்கு முன்பு இருந்த நூலகரின் எழுத்து முத்துமுத்தாக இருக்கும். அவர் ஊற்றுப் பேனையால் எழுதுகிறவர். அவர் எழுதிய பக்கங்கள் எல்லாம் நீலக் கறையாகிவிட்டன, உற்றுப் பார்த்தால் பேனைமுனை அழுத்திய தடம் மட்டும் தெரிந்தது. குமிழ்முனைப் பேனையால் நான் எழுதிய பக்கங்களில் ஓர் எழுத்தும் அழியவில்லை. என்னுடைய கோணல் எழுத்து உப்புத் தண்ணீரில் கிடந்தும் அப்படியே இருந்தது.

அந்தத் தாள்கள் பிறகு என்னைக் காப்பாற்றின. சுனாமி முடிந்து இரண்டு வருடத்துக்கு மேலான பிறகு, கணக்காய்வு வினா ஒன்று என் பெயருக்கு வந்தது. இத்தனை புத்தகம் குறைகிறது, பெறுமதியை நூலகரின் சம்பளத்தில் ஏன் அறவிடக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் எனக்காக வாய் திறக்க ஆள் இல்லை. நூலகர் என்றால் திறப்புக் கோர்வை வைத்திருக்கிறவர் என்பதுதான் அங்கே பலருடைய எண்ணம். நான் கண்டி நண்பருக்கு எழுதினேன். அவர் சங்கத்தில் தனக்குத் தெரிந்த இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுத் திருப்பி எழுதினார். கடலோடு போனவை, அன்றைக்கு இரவலில் வெளியே இருந்தவை, அதற்கு முந்திய கணக்கெடுப்பிலேயே குறைவாகக் காட்டியவை என்று மூன்றாகப் பிரித்துப் பதிவேட்டு இலக்கத்தோடு பட்டியல் போடச் சொன்னார்கள். வாசகர் தாங்களே இறாக்கையில் கைவைத்து எடுக்கிற திறந்த நூலகத்தில் ஓரளவு இழப்பு வரத்தான் செய்யும் என்பதை எப்படி மரியாதையாக எழுதுவது என்றும் சொல்லித் தந்தார்கள். மூன்று தடவை கடிதம் போய் வந்தது. கடைசியில் அந்தப் புத்தகங்களைப் பதிவழித்தார்கள், அதாவது கணக்கிலிருந்து நீக்கினார்கள். என் சம்பளத்தில் ஒரு ரூபாவும் வெட்டுப்படவில்லை.

அன்று பின்னேரம் மாமியாரிடம் சொன்னேன்: “மாமி, அவங்களுக்கு என்னத் தெரியும்.”

தங்கச்சி, ஆஸ்பத்திரியில் ஒரு தாதிக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து வாட்டில் இன்னொரு தாதி இருக்கிறா. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறை இருக்கிறது. உங்களுக்கு ஒரு காவலாளிதான் துணை. உங்களைப்போல ஒற்றை ஆளாக நிற்கிறவர்களுக்குத்தான் சங்கம் அதிகம் தேவை. சேருங்கள். சந்தா எவ்வளவு, உங்கள் தகுதிக்கு எந்த வகை அங்கத்துவம் என்பதைக் கொழும்பு 7இல் உள்ள சங்கச் செயலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். சேர்ந்த பிறகு வீட்டில் இருந்துவிடாதீர்கள், ஒரு கூட்டத்துக்காவது போய்ப் பக்கத்து நாற்காலிக்காரரோடு கதையுங்கள்.

*

இடமாற்றம், பதவி உயர்வு, சம்பள முரண்பாடு இவற்றுக்குச் சங்கம் போராடுமா?
— வாசகர், சம்மாந்துறை

இது தொழிற்சங்கம் அல்ல. தொழிற்சங்கங்கள் 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவானவை. சம்பளம், இடமாற்றம் என்பவற்றுக்கு வேலை கொடுப்பவரோடு பேசவும், தேவையென்றால் வேலைநிறுத்தம் செய்யவும் அவைதான் இருக்கின்றன. நூலகச் சங்கம் தொழில்வல்லுநர் சங்கம்: படிப்பு, தகுதி, தரம், ஒழுக்கம் அதன் பொறுப்பு. இரண்டிலும் இருங்கள் என்பதே என் அபிப்பிராயம். இடமாற்றத்தை நிறுத்தித் தரவில்லை என்று நூலகச் சங்கத்தோடு கோபித்துக்கொண்டு விலகிய சிலரைக் கண்டிருக்கிறேன். அது நியாயமில்லை.

*

என் முதல் கவிதைத் தொகுப்பை நானே அச்சிடப் போகிறேன். மட்டையில் போடுகிற ஐ.எஸ்.பி.என். இலக்கத்தைத் தருவது நூலகச் சங்கமா?
— கவிஞர், அக்கரைப்பற்று

இல்லை. அந்தச் சர்வதேச நியம நூல் இலக்கத்தைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை தருகிறது. அது 1998ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அரச நிறுவனம், தேசிய நூலகமும் அதனுடையதுதான். சொந்தமாக வெளியிடுகிறவர்களும் விண்ணப்பிக்கலாம். அதற்குள் நம் நாட்டைக் குறிப்பது நெடுங்காலம் 955 என்ற இலக்கம், பிறகு 624உம் வந்தது. அச்சுக்குக் கொடுக்க முன்பே விண்ணப்பியுங்கள். அச்சடித்து முடித்துவிட்டு இலக்கத்தை ஒட்டுத்தாளில் ஒட்டிக்கொண்டு வருகிற புத்தகங்களை நிறையப் பார்த்துவிட்டேன், ஈரம் பட்டதும் முதலில் கழன்று விழுவது அந்த ஒட்டுத்தாள்தான். உங்கள் ஊர் நூலகத்துக்கும் ஒரு பிரதியைக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

*

என் மகளுக்குப் பதினாறு வயது. நூலகத்தில் என்னென்ன புத்தகம் எடுக்கிறாள் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்கிறார் அங்கிருக்கிற பெண். பெற்ற தாய்க்குச் சொல்ல முடியாதா? இது எந்த ஊர் நியாயம் அக்கா?
— ஒரு தாய், ஏறாவூர்

தங்கச்சி, உங்கள் மனம் நொந்திருப்பது கடிதத்தில் தெரிகிறது. ஆனாலும் நான் அந்தப் பெண்ணின் பக்கம்தான் நிற்கிறேன். ஏனென்று சொல்ல விடுங்கள்.

இஃப்லா என்று எங்கள் தொழிலில் சொல்லுகிற சர்வதேச நூலகச் சம்மேளனம் 1927இல் எடின்பரோவில் தொடங்கியது. நூலகர்களுக்கும் ஏனைய தகவல் பணியாளர்களுக்கும் என்று 2012இல் அது ஓர் ஒழுக்கக் கோவை வெளியிட்டது. நூலகத்துக்கும் வாசகருக்கும் இடையில் இருப்பது இரகசியம் காக்கும் உறவு, வாசகர் விபரம் அந்தக் கொடுக்கல் வாங்கலைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்பது அதன் கருத்து. அந்தப் பிள்ளை தன் தொழிலின் ஒழுக்கத்தைக் காத்திருக்கிறா.

கோவை வருவதற்கு முன்பே எங்களுக்கு இதைக் கற்பித்தது ஒரு மரப்பெட்டி. பிறவுண் முறை என்போம். ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு சின்ன அட்டை இருக்கும். வாசகரிடம் தபாலுறை மாதிரி ஒரு சின்னப் பை, அதில் அவர் பெயர். புத்தகம் எடுக்கும்போது அட்டையைப் பைக்குள் போட்டு, திருப்பித் தரவேண்டிய திகதியின் பின்னால் பெட்டியில் அடுக்குவோம். திருப்பித் தந்ததும் அட்டை புத்தகத்துக்குள் போய்விடும், பை வாசகர் கைக்குப் போய்விடும். யார் எதை வாசித்தார் என்பதற்கு அதன்பின் ஒரு தடயமும் இல்லை.

யுத்த காலத்தில் ஒரு பின்னேரம் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பையனின் பெயரைச் சொல்லி, இவன் என்ன மாதிரிப் புத்தகங்கள் எடுக்கிறவன் என்று கேட்டார்கள். எனக்குக் கை நடுங்கியது. பெட்டியைத் திறந்து காட்டினேன். முந்தின நாள்தான் அவன் எடுத்ததைத் திருப்பித் தந்திருந்தான். அவன் பெயரில் ஒன்றும் இருக்கவில்லை. அவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பையன் இன்றைக்கு நாலு பிள்ளைகளின் தகப்பன்.

இப்போது கணினி வந்துவிட்டது. பல நூலகங்களில் கோஹா என்ற மென்பொருள் இருக்கிறது, நியூசிலாந்தில் உருவாக்கி எல்லோருக்கும் இலவசமாகவே விட்டது, மவோரி மொழியில் அந்தப் பெயருக்கு அன்பளிப்பு என்றுதான் பொருள். கணினி தானாக மறக்காது. திருப்பித் தந்த புத்தகத்தின் வரலாற்றிலிருந்து வாசகர் பெயரை நீக்கிவிடுகிற வசதி கோஹாவில் உண்டு. அதைப் பயன்படுத்தும்படி நூலகர்களை இந்தப் பதிலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மகள் என்ன வாசிக்கிறாள் என்று அவளிடமே கேளுங்கள். அல்லது நீங்களும் ஓர் அங்கத்தவராகி, சனிக்கிழமை அவளோடு கூடப் போங்கள். ஒரு மேசையில் தாயும் மகளும் இருந்து வாசிப்பதைக் கண்டால் அந்த நூலகர் பிள்ளைக்கும் சந்தோசமாக இருக்கும்.

*

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டேன். கலைப் பிரிவு. நூலகர் ஆக விருப்பம். வீட்டில், தூசு தட்டுகிற வேலைக்கா படித்தாய் என்கிறார்கள்.
— மாணவி, தம்பிலுவில்

மகள், தூசும் தட்டத்தான் வேண்டும். நம்முடைய உப்புக் காற்றில் தட்டாவிட்டால் ஒரு வருடத்தில் பூச்சி அரித்துவிடும். அதில் வெட்கம் இல்லை.

வழிகள் இருக்கின்றன. நூலகச் சங்கத்தின் டிப்ளோமாவைப் பற்றி மேலே எழுதினேன். வேறு வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். பட்டமாகப் படிக்க நினைத்தால் களனிப் பல்கலைக்கழகத்தில் நூலக, தகவல் விஞ்ஞானத் துறை இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1999இல் தொடங்கிய தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகமும் இருக்கிறது, பாடசாலை நூலகங்களுக்கு ஆசிரிய நூலகர்களைப் பயிற்றுவதில் அதற்குப் பெரிய பங்கு. உங்கள் ஊரிலிருந்து வடக்கே போனால் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகம். வாசலில் நின்று பார்த்தாலே போதும், இது எத்தனை பேர் வேலை, எத்தனை விதமான வேலை என்று விளங்கிவிடும்.

வீட்டாருக்கு ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். நம் விபுலாநந்த அடிகள் காரைதீவில் பிறந்தது 1892இல். அதே வருடம் சீர்காழியில் பிறந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். முதல் நாட்களிலேயே அலுத்துப்போய், என்னைத் திரும்பவும் வகுப்பறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டவர். அவரை லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கே ஊர் ஊராக நூலகங்களைப் பார்த்த பிறகு மனம் மாறிவிட்டது. திரும்பி வந்து 1928இல் சென்னை நூலகச் சங்கத்தைத் தொடங்குவதில் முன்னின்றார். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளை உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் இன்றும் முதல் பாடமாகப் படிக்கிறார்கள். “ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்” என்பது அதில் இரண்டாவது. நீங்களும் முதல் மாதத்தில் அலுத்துப்போகலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

பிரதேச செயலகத்தில் ஆவண அறைக்குப் பொறுப்பாக இருக்கிறேன். நானும் தகவல் பணியாளன் என்று சொல்லிக்கொள்ளலாமா?
— வாசகர், செங்கலடி

தாராளமாக. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்த பிறகு ஒரு விண்ணப்பத்துக்கு 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்லியாக வேண்டும். தகவல் அலுவலர் கையெழுத்துத்தான் வைப்பார், கோவையைத் தேடி எடுத்துக் கொடுக்கப் போவது நீங்கள். காணிக் கச்சேரிக் காலத்துக் கோவை ஒன்றை நீங்கள் ஒழுங்காக இலக்கமிட்டு வைத்திருந்தால் ஒரு குடும்பத்தின் வளவு தப்பும்.

*

எங்கள் பாடசாலை நூலகத்தில் ‘யாழ் நூல்’ தமிழ் இலக்கியத்தோடு 894.811இல் இருக்கிறது. புதிதாக வந்த ஆசிரியர் அது பிழை என்கிறார். இன்னொரு கேள்வி: தூயி தசமப் பகுப்பில் சமயத்துக்கு உள்ள இலக்கங்களில் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்கே போய்விட்டது. நம்முடைய பிரதேசத்துக்கு இது பொருந்துமா?
— ஆசிரிய நூலகர், பொத்துவில்

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஆசை தீரக் கதைக்கலாம் போல இருக்கிறது.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அந்த இலக்கப்படி புத்தகங்களை அடுக்குகிற முறைதான் தூயி பகுப்பு. புதிய ஆசிரியர் சொல்வது சரி. 1947இல் வெளிவந்த அந்த நூலில் விபுலாநந்த அடிகள் ஆராய்ந்தது பழந்தமிழர் யாழையும் அதன் இசையையும். இசை 780, நரம்புக் கருவிகள் 787. அங்கேதான் அது இருக்கவேண்டும். தமிழில் எழுதியதெல்லாம் தமிழ் இலக்கியம் என்று 894.811இல் கொண்டுபோய் அடுக்குவது நம் நூலகங்களில் பழைய வழக்கம். அப்படி வைத்தால் சங்கீதம் படிக்கிற பிள்ளை 780ஐப் பார்த்துவிட்டு, தமிழில் ஒன்றும் இல்லை என்று திரும்பிப் போய்விடும். கூத்துப் புத்தகங்களுக்கும் இதே கதைதான். வடமோடி, தென்மோடி பற்றிய ஆய்வு அரங்கக் கலையோடு 792இல் சேரவேண்டும், கூத்தின் பாடல் ஏடு இலக்கியத்தில் நிற்கலாம். புத்தகம் எதைப் பற்றியது என்று முதலில் கேட்க வேண்டும், எந்த மொழி என்பது அதற்குப் பிறகு.

இரண்டாவது கேள்வி எங்கள் எல்லோருக்கும் வலிக்கிற இடம். மெல்வில் தூயி 1876இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருந்துகொண்டு, தன் கண்முன் இருந்த இறாக்கைக்கு வகுத்த திட்டம் அது. 220 தொடக்கம் 280கள் முடியக் கிறிஸ்தவம். பௌத்தம் 294.3, இந்து சமயம் 294.5, இஸ்லாம் 297. உங்கள் பொத்துவிலில் 297இலும் 294.5இலும் புத்தகம் நிரம்பி வழியும், 260களில் ஒன்றிரண்டு இருக்கும். ஆகவே தசமப் புள்ளிக்குப் பின்னால் இலக்கம் நீண்டுகொண்டே போய், முதுகு ஒட்டியில் எழுத இடம் இல்லாமல் போகிறது. நான் செய்தது இதுதான்: 294.5ஐயும் 297ஐயும் நன்றாக விரித்தேன், பெரும்பான்மை வாசகருக்கு அது வேண்டும். ஆட்கள் குறைவாகப் பயன்படுத்துகிற பகுதிகளைச் சுருக்கிவைத்தேன். ஆனால் இலக்கத்தை என் எண்ணத்துக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நீங்கள் ஓர் இலக்கத்தை உண்டாக்கினால், உங்களுக்குப் பின் வருகிறவர் அதை எங்கே போய்த் தேடுவார்? எந்தத் தீர்மானம் எடுத்தாலும் ஒரு கொப்பியில் எழுதுங்கள், குமிழ்முனைப் பேனையால். பக்கத்து நூலகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். இந்த மாதிரிக் கேள்விகளை ஒவ்வொருவரும் தனித்தனியே தீர்ப்பதால்தான், ஒரே புத்தகம் கல்முனையில் ஓர் இலக்கத்திலும் களுவாஞ்சிக்குடியில் இன்னோர் இலக்கத்திலும் இருக்கிறது. சங்கக் கூட்டங்களுக்கு நான் இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கொண்டுபோயிருக்கிறேன்.

*

அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு, திருக்கோவில் பக்கம் நாங்கள் ஆறு நூலகர்கள், தமிழரும் முஸ்லிம்களுமாகப் பழக்கமாக இருக்கிறோம். மாதம் ஒரு தடவை கூடினால் என்ன என்று யோசிக்கிறோம். ஆறு பேர் போதுமா? என்னத்தைக் கதைப்பது?
— ஆறு பேருக்காக ஒருவர், ஆலையடிவேம்பு

தம்பி, ஆறு பேர் தாராளம். ஒரு பெயர்ப் பலகையும் வேண்டாம், தலைவர் யார் என்ற பேச்சும் வேண்டாம். மேலதிகாரிக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு மாதம் ஒவ்வொரு நூலகத்தில் கூடுங்கள்.

வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் நூலகம் வாங்குகிற சஞ்சிகைகளின் பட்டியலைக் கொண்டுவரட்டும். ஆறு இடத்திலும் ஒரே நாலு சஞ்சிகைதான் வாங்கப்படுகிறது என்று கண்டுபிடிப்பீர்கள், எனக்கு நிச்சயம். அடுத்த வருடம் பிரித்து வாங்கி மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவதாக, சேர்வுப் பதிவேட்டின் கடைசிப் பத்துப் பக்கத்தைப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் கொடுங்கள். திருக்கோவிலில் ஒரு மாணவன் கேட்கிற புத்தகம் அக்கரைப்பற்றில் இருக்கிறது என்று தெரிந்தால், ஒரு கடிதத்தில் கைமாற்றாக எடுத்துக் கொடுக்கலாம். ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் ஆறு நூலகமும் ஒரே போட்டியைத் தனித்தனியே வைக்காமல் சேர்ந்து ஒன்று வையுங்கள். கூட்டக் குறிப்பை எழுதி நூலகச் சங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தமிழிலேயே எழுதுங்கள். நாங்கள் இருக்கிறோம் என்று அவர்களுக்கும் தெரியவேண்டும். கிழக்குக் கரையிலிருந்து கடிதம் போகாவிட்டால் கிழக்கைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்று குறை சொல்ல முடியாது.

முதல் கூட்டத்தின் திகதியை எனக்கும் அறிவியுங்கள். கல்முனையில் பஸ் மாறி நானும் வருகிறேன். வரும்போது பழைய செய்தித்தாள் ஒரு கட்டுக் கொண்டுவருவேன். நீங்கள் ஒரு வாளி தண்ணீரும், பதிவழித்த புத்தகம் ஐந்தாறும், நல்ல நிழலில் கட்டிய ஒரு கயிறும் வைத்திருங்கள். அதில் வழுவழுப்புத் தாள் புத்தகம் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும்.